வெள்ளம் வடிந்தபின் பொதுச் சொத்துக்குக் கணக்கு எழுதுவோர் யார்?

ஐப்பசி பிறந்ததும் நம் பகுதி அங்கத்தினர்கள் மேற்கே மலையை நோக்குவது வழக்கம். ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மழை இரு வழியாக வருகிறது. ஊர்மேல் பெய்வது ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து ஓடைகளின் வழியே இறங்கி வருவது மற்றொன்று. ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் புரண்டு வருவதுண்டு. அந்த நீரால்தான் கண்மாய்கள் நிறைகின்றன, நெல் விளைகிறது, மாந்தோப்புகள் தழைக்கின்றன. அதே நீர் அளவு மீறினால் கரை உடைகிறது; தரைப்பாலம் பெயர்கிறது; குழித்தறியின் குழியில் நீர் நிற்கிறது; நூல் நனைகிறது.

இச்சேதங்கள் இருவகைப்படும். ஒருவருடைய வீட்டுச் சுவர் விழுந்தால் அவர் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிச் செல்கிறார். பயிர் மூழ்கினாலும், மாடு இறந்தாலும் அவ்வாறே. தம் நஷ்டத்தைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் வாய் இருக்கிறது. கண்மாயின் மடை பெயர்ந்து போனால் யார் சொல்வது? தெருக்குழாய்க்கு நீர் ஏற்றும் மோட்டார் எரிந்தால், பாவு நீட்டிக் கஞ்சி போடும் தெரு அரித்துப் பள்ளமானால், சந்தைக்குச் செல்லும் சாலையின் சிறுபாலம் இடிந்தால் யார் மனு எழுதுவது? அவை எல்லோருக்கும் உரியவை. எல்லோருக்கும் உரியது என்பதனாலேயே ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடுகிறோம்.

தனிச் சொத்தின் நஷ்டம் ஒரு குடும்பத்தை வாட்டும். பொதுச் சொத்தின் நஷ்டமோ, வீடும் தறியும் பயிரும் தப்பியவர்களின் பிழைப்பையும் நிறுத்திவிடும். மடை இல்லாத கண்மாயில் நீர் நில்லாது. நீர் நில்லாவிட்டால் தப்பிய பயிரும் தை மாதத்தில் கருகும். ஆதலால் இந்தக் கணக்கை எழுதும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பது தகும் என்பது நமது எண்ணம். எப்படி எழுதுவது, எப்பொழுது எழுதுவது, யாரிடம் சேர்ப்பது என்பவற்றை இங்கே ஒழுங்காகக் கூறுவோம்.

தெற்கே கண்ட பாடம்

நம் பகுதி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தபொழுது, 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மாவட்டத்தைப் புயலும் வெள்ளமும் கடுமையாகத் தாக்கின. முதலமைச்சராக இருந்த காமராஜ் வெள்ளப் பகுதிகளுக்கு நேரில் சென்று பார்த்தார். அக்காலத்தில் நேரில் காண்பதே பெரிய சான்று. இன்று நிவாரணத்திற்கென்று சட்டமும் நிதியும் விதிகளும் இருக்கின்றன. கண்ணால் கண்டது காகிதத்தில் ஏறினால்தான் அவை அசையும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்குத் தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். குளக்கரைகள் உடைந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்கம்பங்கள் சாய்ந்தன, குடிநீர்த் திட்டங்கள் நின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மத்திய அரசின் குழு டிசம்பர் 20-ஆம் தேதியே தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. பல இடங்களில் நீர் அப்பொழுது வடியவில்லை. குழு ஜனவரியில் மீண்டும் வந்ததெனினும், முதற்பார்வை மூன்றாம் நாளே நடந்துவிட்டது. எந்தக் கரை எத்தனை மீட்டர் உடைந்தது என்ற கணக்கு அன்று யார் கையில் ஆயத்தமாயிருந்ததோ, அவர்களால்தான் அதை அன்றே எடுத்துக் காட்ட முடிந்திருக்கும்.

மற்றொன்றும் உண்டு. அந்த டிசம்பரில் வடக்கே வீசிய மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்திற்கும் சேர்த்துத் தமிழக அரசு ஏறக்குறைய 37,900 கோடி ரூபாய் கேட்டது. அதில் உடனடிச் செப்பனிடலும் நிரந்தரச் சீரமைப்பும் அடங்கும். 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த உதவி இரண்டிற்கும் சேர்த்து ஏறக்குறைய 682 கோடி ரூபாய். அதிலும் அப்பொழுது விடுவிக்கப்பட்டது 276 கோடி. இது குறித்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. அவ்வழக்கின் நியாயத்தை எடைபோடுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஊர் அறிந்துகொள்ள வேண்டியது இது: நேர்ந்த நஷ்டம் வேறு, விதிப்படி கணக்கில் ஏறும் நஷ்டம் வேறு. இரண்டிற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. விதிப்படி ஏறக்கூடியதையும் நாம் எழுதாமல் விட்டால், அந்த இடைவெளியை நம் கையாலேயே அகலமாக்கியவர்கள் ஆவோம்.

பணம் வரும் வழி

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் ஒவ்வொரு மாநிலத்திற்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி ஒன்று உண்டு. பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இந்நிதியில் மத்திய அரசு நூற்றுக்கு 75 பங்கும், மாநில அரசு 25 பங்கும் இட்டன. இடர் பெரிதாயிருந்து மாநில நிதி போதாவிட்டால், தேசிய நிதியிலிருந்து உதவி கேட்கப்படுகிறது.

கணக்கு கீழிருந்து மேலே செல்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், மாவட்ட ஆட்சித் தலைவர் என்பது வருவாய்த் துறையின் படிவரிசை. அந்தந்தத் துறைப் பொறியாளர்களும் தம் சொத்துக்களின் சேதத்தை மதிப்பிட்டு அனுப்புகின்றனர். இவை யாவும் சென்னையில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, மாநில அரசின் கோரிக்கை மனுவாக டில்லிக்குச் செல்கின்றன. பல அமைச்சகங்களின் அலுவலர்கள் அடங்கிய குழு வந்து சில இடங்களைப் பார்க்கிறது. அக்குழுவின் அறிக்கையை ஆராய்ந்தபின், மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்கிறது.

இத்தனை படிகளில் எந்தப் படியிலும் புதிதாக ஒரு மடையோ பாலமோ கணக்கில் முளைப்பதில்லை. மேலே செல்லச் செல்லக் கணக்குச் சரிபார்க்கப்படும், குறைக்கப்படும், கூட்டப்படும். அடிப்படியில் விடுபட்டதைச் சேர்ப்பார் எவருமில்லை. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. நிவாரண விஷயத்திலோ, ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாமற் போகிறது.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடையாது

நிவாரண விதிகள் உடனடிச் செப்பனிடலையே முதன்மையாகக் கருதுகின்றன. சாலை, பாலம், குடிநீர்த் திட்டம், பாசன வேலை, மின் வழங்கலை மீட்பது, தொடக்கப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சாயத்துக்குச் சொந்தமான பொதுச் சொத்துக்கள் ஆகியவை அவ்வகையில் அடங்குவன. உடைந்த கரையை அடைப்பது, அரிப்புண்ட சாலையில் போக்குவரத்தைத் தொடங்கச் செய்வது, கெட்டுப்போன மோட்டாரை இயங்கச் செய்வது போன்ற வேலைகளுக்கே இந்நிதி இடம் தருகிறது. பழைய கட்டடத்தைப் புதிய கட்டடமாக ஆக்கித் தருவது இதன் நோக்கமன்று. 2021–26 காலத்தில் நிதியின் ஒரு பகுதி மீட்சிக்கும் மறுசீரமைப்பிற்கும் எனத் தனியே பிரித்து வைக்கப்பட்டது. ஆகவே மனுவில் உடனடி வேலையையும் நிரந்தர வேலையையும் இரு பட்டியல்களாகப் பிரித்து எழுத வேண்டும். ஒன்றாகக் கலந்தால் பெரிய தொகையைக் கண்டு சிறிய தொகையும் நின்றுவிடக்கூடும்.

அலுவலகக் கட்டடங்கள், அரசு ஊழியர் குடியிருப்புகள், வழிபாட்டிடங்கள், விளையாட்டிடங்கள் ஆகியவை இவ்வுதவியில் சேரா என்று 2015–20 காலத்து விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. நமது சங்கக் கட்டடம், நூல் கிடங்கு, சாயச்சாலை ஆகியவற்றையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இவை அரசாங்கத்தின் சொத்துமல்ல, பஞ்சாயத்தின் சொத்துமல்ல, அங்கத்தினர்களுடைய சொத்து. இவற்றிற்கு நிவாரண நிதி வரும் என்று நம்பியிருத்தல் கூடாது. சங்கத்தின் கட்டடத்தையும் கையிருப்பையும் காப்பீடு செய்து, ஆண்டுதோறும் மழைக்கு முன்பே புதுப்பித்து வைத்தலே வழி.

மழைக்கு முன் எழுத வேண்டிய ஏடு

சேதத்தை மெய்ப்பிக்கும் முதற்சான்று, சேதத்திற்கு முன்பிருந்த நிலையைக் காட்டும் சான்றாகும். கரை முன்பே இடிந்து கிடந்ததா, இம்மழையில்தான் இடிந்ததா என்பதே அலுவலர் கேட்கும் முதற்கேள்வி. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவிலும் ஊராட்சிகள் மத்திய உதவி கேட்கும்பொழுது, சேதம் அந்த இடரால்தான் நேர்ந்தது என்று காட்டுவதற்கு முந்தைய பராமரிப்புக் குறிப்புகளைக் காட்டவேண்டியிருக்கிறது.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு சங்கமும் ஒரு பொதுச் சொத்து ஏடு தயாரிக்கலாம். நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒரு சொத்துக்கு ஒரு பக்கம். அதில் எழுத வேண்டியவை:

சொத்தின் பெயரும் இடமும், எத்துறையைச் சேர்ந்தது என்பது, கட்டிய அல்லது கடைசியாகச் செப்பனிட்ட ஆண்டு, நீளம், அகலம், உயரம், மோட்டாராயின் குதிரைத்திறனும் எண்ணும், கிணற்றின் ஆழமும், எத்தனை குடும்பங்கள் அல்லது எத்தனை ஏக்கர் அதனை நம்பியுள்ளன என்பது, அன்றைய நிலை. இவற்றுடன் தேதியிட்ட புகைப்படம் ஒன்றும் ஒட்டப்பட வேண்டும்.

எத்துறை என்பதை முன்கூட்டி அறிவது மிக அவசியம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது; அதற்குக் குறைந்தது பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரைப் பெறும் வத்திராயிருப்புப் பகுதி விவசாயிகள் தங்கள் கண்மாய் எவ்வகை என்பதை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களுக்குள் தெருவும் வடிகாலும் நகராட்சியைச் சார்ந்தவை. சாலையாயின் அது நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஒன்றியத்துடையதா என்று பார்க்க வேண்டும். துறை தவறிச் சென்ற மனு ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்குப் போவதற்குள் செப்பனிடும் காலமே கடந்துவிடும்.

கிராமங்களில் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு அமையும் அக்கூட்டம் நமக்கு நல்ல வாய்ப்பு. ஏட்டை அச்சபையில் வைத்துப் படித்து, பார்வையிட்டதாகத் தீர்மானத்தில் பதியச் செய்தால், மழைக்கு முன்பிருந்த நிலைக்கு ஊரே சாட்சியாகிறது.

முதல் மூன்று நாட்கள்

நீர் வடியத் தொடங்கியதும், உயிருக்கு அபாயமில்லை என்று உறுதியானபின், மூவர் கொண்ட குழு புறப்பட வேண்டும். ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் படம் எடுப்பவர். விவசாயி ஒருவரும் நெசவாளர் ஒருவரும் குழுவில் இருப்பது நன்று. கண்மாயை அறிந்தவர் தெருவை அறியமாட்டார், தெருவை அறிந்தவர் கண்மாயை அறியமாட்டார். அறுந்த மின்கம்பிக்கு அருகிலும், அரித்துத் தொங்கும் கரையின் விளிம்பிலும் எவரும் செல்லலாகாது. எந்தக் கணக்கும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

எழுதும் முறைக்கு ஓர் உதாரணம் கூறுவோம். “கண்மாய்க் கரை உடைந்துவிட்டது, பெருஞ்சேதம்” என்று எழுதினால் அதைக் கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. “தெற்கு மடையிலிருந்து கிழக்கே 40 மீட்டரில் கரை 18 மீட்டர் நீளத்திற்கு உடைந்துள்ளது. கரையின் மேல் அகலம் 3 மீட்டர், அடி அகலம் 9 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர்” என்று எழுதினால் கணக்குத் தானே பிறக்கிறது. மேல் அகலமும் அடி அகலமும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6 மீட்டர். அதை உயரத்தால் பெருக்கினால் 15 சதுர மீட்டர். அதை நீளத்தால் பெருக்கினால் 270 கன மீட்டர் மண். துறையின் விலை விகிதப் பட்டியலில் ஒரு கன மீட்டர் மண் வேலைக்கு உரிய விலையைக் கொண்டு பெருக்குவதே எஞ்சிய வேலை. அதைப் பொறியாளர் செய்வார். விலை போடுவது நம் கடமையன்று. அளவு கொடுப்பது நம் கடமை.

அவ்வாறே மோட்டாருக்கு அதன் குதிரைத்திறனும், நீர் எந்த உயரம் வரை ஏறிற்று என்பதும், எந்த நாளிலிருந்து இயங்கவில்லை என்பதும் வேண்டும். சாலைக்கு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை ஆழம் அரித்தது என்பது வேண்டும். சுவரில் நீர் நின்ற கோடு தெரியும். அது காய்ந்து மறைவதற்குள் அதன் உயரத்தை அளந்து சுண்ணாம்பால் குறித்து வைக்க வேண்டும். எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை நாள் தண்ணீர் இல்லை என்பதையும் எழுத வேண்டும். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் அலுவலருக்கு இந்த எண்ணிக்கை உதவும்.

மழையளவையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, பிளவக்கல் ஆகிய இடங்களில் மழைமானிகள் உள்ளன. மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அன்றாட மழையளவைச் சேதக் குறிப்போடு இணைத்தால், சேதம் இந்த மழையால் நேர்ந்தது என்பதற்கு அதுவும் ஓர் ஆதாரமாகும்.

படம் எடுக்கும் முறை

இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. அதில் எடுத்த படத்தில் தேதி, நேரம், இருப்பிடக் குறி ஆகியவை பதியும்படி அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சேதத்திற்கும் மூன்று படங்கள் தேவை. முதலாவது தூரத்திலிருந்து, இடம் இன்னதென்று அடையாளம் தெரியும்படி; கோயில் கோபுரமோ பள்ளிக்கூடமோ உடன் தெரிவது நன்று. இரண்டாவது சேதம் முழுவதும் அடங்கும்படி. மூன்றாவது அருகிலிருந்து. மூன்றாவதில் அளவுகோலையோ, ஒரு மீட்டர் கம்பையோ சேதத்தின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கம்பில்லாத படத்தில் பத்தடிப் பள்ளமும் இரண்டடிப் பள்ளமும் ஒன்றுபோலவே தோன்றும். மழைக்கு முன் எடுத்த படம் எங்கு நின்று எடுக்கப்பட்டதோ, அங்கேயே நின்று மீண்டும் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, அதனுள் பதிந்திருக்கும் தேதியும் இருப்பிடமும் நீங்கிவிடுகின்றன. கோப்பாக அனுப்பினால் அவை நிலைத்திருக்கும். எடுத்த கைப்பேசியிலிருந்து மூலப்படத்தை அழிக்காமல், சங்க அலுவலகத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்பனிடுவதில் உள்ள இடர்

இனிக் கூறுவது, நல்லெண்ணத்தாலேயே நேரும் ஒரு நஷ்டத்தைப் பற்றியது. கரை உடைந்தால் ஊரார் கைகட்டி நிற்பதில்லை. மண்வெட்டியும் சாக்குமாக இறங்கி அன்றிரவே அடைக்கிறார்கள். குடிநீர் நின்றால் தெருவில் வசூலித்து மோட்டாரைக் கழற்றிச் செப்பனிடுகிறார்கள். இது நம் மக்களின் சிறந்த குணம். பத்து நாள் கழித்து அலுவலர் வரும்பொழுது கரை கரையாக நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது. “இங்கே சேதம் இல்லையே” என்று எழுதிச் செல்கிறார். அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. அவர் கண்டதை எழுதினார். மறு ஆண்டு சாக்கு மூட்டைகள் மக்கி, அதே இடத்தில் கரை மீண்டும் உடைகிறது. உழைத்த ஊருக்கு உதவி கிடைப்பதில்லை.

அதற்காக வேலையை நிறுத்தி வைக்கச் சொல்வோமா? சொல்ல மாட்டோம். குடிதண்ணீரும் கரையும் அலுவலரின் வருகைக்குக் காத்திருக்க முடியா. மண்வெட்டி எடுக்குமுன் அரைமணி நேரம் அளவும் படமும் எடுக்க வேண்டும் என்பதே நாம் கூறுவது. அதன்பின், செய்த வேலையையும் எழுத வேண்டும். எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தனர், எத்தனை சாக்கு, எத்தனை டிராக்டர் மண், எத்தனை ரூபாய் வசூல், எவரிடம் என்ன வாங்கியது என்பவற்றை ரசீதுகளோடு சேர்த்து வைக்க வேண்டும். “தற்காலிகமாக ஊராரால் அடைக்கப்பட்டது, நிரந்தர வேலை தேவை” என்ற ஒரு வரி மனுவில் இருக்குமானால், ஓடுகிற மோட்டாரும் நிற்கிற கரையும் நமக்கு எதிரான சாட்சிகள் ஆகா. மாற்றிய பழைய உறுப்புக்களை எடைக்குப் போட்டுவிடாமல் பார்வையிடும் வரை வைத்திருப்பதும் நன்று.

மனுவும் ஒப்புகையும்

மனு ஒரு பக்கத்தில் அடங்கட்டும். பட்டியலும் படங்களும் இணைப்பாக இருக்கட்டும். உரிய துறைப் பொறியாளருக்கு மூலமும், கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், ஒன்றிய அல்லது நகராட்சி ஆணையர் ஆகியோருக்குப் பிரதிகளும் கொடுக்க வேண்டும். சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, சேதப் பட்டியலை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலையும் இணைத்தால் மனு தனியொருவருடைய வேண்டுகோளாக நில்லாமல் பல நூறு அங்கத்தினர்களின் குரலாகும். கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை பெறாமல் திரும்பக் கூடாது. பிரதி இல்லாத மனுவும், ஒப்புகை இல்லாத மனுவும் எழுதாத மனுவுக்குச் சமம்.

பின்னர் மாதம் ஒருமுறை, மதிப்பீடு போடப்பட்டதா, பட்டியல் மாவட்டத்திற்குச் சென்றதா என்று கேட்டறிந்து ஏட்டிலேயே எழுதி வர வேண்டும். காரியதரிசி மாறினாலும், அலுவலர் மாறினாலும் ஏடு மாறாது.

மிகைப்படுத்துதல் கூடாது

மத்தியக் குழுவோ மேலதிகாரிகளோ எல்லா இடங்களையும் பார்ப்பதில்லை. சிலவற்றையே மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் ஓர் இடத்தில் 18 மீட்டர் உடைப்பு 50 மீட்டர் என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒன்று மட்டும் தள்ளப்படுவதில்லை. பட்டியல் முழுவதன்மேலும் ஐயம் விழுகிறது. பல ஆண்டுகளாகப் பழுதாய்க் கிடக்கும் கட்டடத்தை இம்மழையின் கணக்கில் ஏற்றுவதும் அவ்வாறே கேடு தரும். பழைய பழுதைத் தனியே, பழைய பழுது என்றே எழுதி வேறு திட்டத்தில் கேட்கலாம். சங்கத்தின் கணக்குகள் தணிக்கைக்கு உட்பட்டவை என்பதை நாம் அறிவோம். சேதக் கணக்கையும் தணிக்கையாளர் பார்க்கப் போகிறார் என்று எண்ணியே எழுதினால் தவறு நேராது.

தனி நஷ்டத்திற்கும் ஒரு சொல்

பொதுச் சொத்தைப் பற்றியே இதுவரை கூறினோம். எனினும் அதே குழு அதே நடையில் அங்கத்தினர்களின் நஷ்டத்தையும் குறித்துக்கொள்ளலாம். 2022–26 காலத்திற்கு மத்திய அரசு வகுத்த விதிகளில், சேதமான தறிக்கும் கருவிகளுக்கும் நெசவாளர் ஒருவருக்கு 5,000 ரூபாயும், நனைந்து கெட்ட நூலுக்கும் துணிக்கும் 5,000 ரூபாயும் உதவி என்றிருந்தது. தகுந்த அலுவலர் சான்றளித்தல் வேண்டும். பயிரில் நூற்றுக்கு 33 பங்கோ மேலோ அழிந்தால், இரண்டு ஹெக்டேர் வரை, ஹெக்டேருக்கு மானாவாரியில் 8,500 ரூபாய், பாசன நிலத்தில் 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் என்றிருந்தது. இவ்விகிதங்கள் அவ்வப்போது மாறுவன. அவ்வாண்டின் ஆணையைக் கேட்டே மனு எழுத வேண்டும்.

நெசவாளர்கள் குழியில் நின்ற நீரை இறைக்குமுன், தறியையும் அச்சையும் விழுதையும் படமெடுக்க வேண்டும். நனைந்த நூல் சங்கம் கொடுத்ததா, சொந்தமாக வாங்கியதா என்பது பற்றுப் புத்தகத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். சங்கம் கொடுத்த நூலாயின் அந்த நஷ்டம் சங்கத்தின் கையிருப்புக் கணக்கிலும் ஏற வேண்டும். ஒரே நூலை இரு இடத்தில் கேட்பது முறையன்று.

முடிவாக

இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவு நாடா, ஒரு மீட்டர் கம்பு, அங்கத்தினர்கள் மூவரின் சில நாள் உழைப்பு ஆகியவையே. இதனால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. கேட்காததனால் கிடைக்காமற் போனது என்ற குறை மட்டும் நமக்கு இராது. தனித்து நின்றால் நூலும் கிடைக்காது, விலையும் கிடைக்காது என்று கண்ட நம் முன்னோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். கண்மாயும் தெருவும் பாலமும் கூட அப்படி ஒன்றுகூடிக் காக்க வேண்டியவையே.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே ஏட்டைத் தொடங்கத் தீர்மானம் போடுங்கள். மூவர் பெயரையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தில் உங்கள் ஊர்க் கண்மாயின் மடையை எழுதுங்கள். மலைமேல் கருமேகம் திரளும் நாளில் அந்த ஏடு அலமாரியில் ஆயத்தமாக இருக்கட்டும்.